யார் வயித்துலயும் அடிக்காம கண்மாய்க் கருவையை எடுக்குறது எப்படி

கண்மாய்ல, அதாவது ஏரில, மண்டிக் கிடக்குற சீமைக்கருவை மரத்தை எடுக்குறதைப் பத்தி, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்து ஆளுங்களை மனசுல வச்சுத்தான் இதை எழுதுறேன். மத்த ஊர்க்காரங்களும் படிக்கலாம், ஆனா மழை மாசம், மண்ணு, ஏலம் விடுற முறை எல்லாம் ஊருக்கு ஊர் மாறும், அதைப் பாத்து மாத்திக்கோங்க.

வருசா வருசம் கோடைல வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பாரு, நம்ம கண்மாயைக் காப்பாத்தணும், சீமைக்கருவையை ஒழிக்கணும்னு. வெளிநாட்டுல இருக்குற பசங்க பணம் அனுப்புவாங்க, ரெண்டு ஜேசிபி வரும், போட்டோ எடுப்பாங்க, பேப்பர்லயும் வரும். ரெண்டு மழை கழிச்சுப் போய்ப் பாத்தா முன்னாடி இருந்ததை விட நெருக்கமா கருவை நிக்கும். இதுக்கு மரத்தோட வீம்பு பாதிக் காரணம்தான், மீதிப் பாதி நம்ம பக்கம் இருக்கு. அந்த மரத்தை வச்சு அடுப்பு எரியுற வீடு எத்தனைன்னு யாரும் கேக்குறதில்ல, மரம் போனதுக்கு அப்புறம் வெறும் கண்மாயைப் பாத்துக்கிட்டா யாருக்கு என்ன வருமானம்னும் யோசிக்கிறதில்ல. யாருக்கும் காசு வராத இடத்தை யாரும் பாத்துக்க மாட்டாங்க, அங்க கருவை தானா வந்து உக்காந்துக்கும்.

இன்னொண்ணையும் முதல்லயே சொல்லிடுறேன். இந்த மரம் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும், ஆக்சிஜனே விடாது, இதைத் தொட்டா மாடு மலடாயிரும், அமெரிக்காக்காரன் சதி பண்ணித் தூவிட்டான்னு வர்ற ஃபார்வேர்டை எல்லாம் கூட்டத்துல பேசாதீங்க. எல்லாப் பச்சை மரமும் ஆக்சிஜன் விடத்தான் செய்யும். இதுக்கு பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா பக்கம், நம்ம நாட்டுக்கு 1877ல கடப்பா பக்கம் கமலாபுரத்துல வெள்ளைக்கார வனத்துறைதான் விறகுக்காக விதை போட்டுப் பாத்துச்சு, சுதந்திரத்துக்கு அப்புறம் வறண்ட மாவட்டத்துல விறகுப் பஞ்சம் தீரட்டும்னு திரும்பவும் பரப்புனாங்க. அந்த நேரத்துக்கு அது சோறு போட்டது உண்மை. இன்னைக்கு கண்மாய் உள்வாயை (தண்ணி தேங்குற உள்பரப்பை) அடைச்சுக்கிட்டு, வரத்துக்காலை (தண்ணி வர்ற வாய்க்காலை) மறிச்சுக்கிட்டு, கோடைலயும் பச்சையா நின்னு தண்ணியைக் குடிக்குதுங்கிறதும் உண்மை. ரெண்டையும் ஒத்துக்கிட்டுப் பேசுனாத்தான் கரிமூட்டம் போடுறவங்க (கருவையை வெட்டிக் கரியாக்கி விக்கிறவங்க) உங்க கூட்டத்துக்கு வந்து உக்காருவாங்க.

முதல்ல ஆள் கணக்கு, அப்புறம்தான் மரக் கணக்கு

ஜேசிபிக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு தெருத்தெருவா போங்க. யார் யார் கருவை வெட்டப் போறாங்க, யார் மூட்டம் போடுறாங்க, யார் வீட்டுல இன்னும் விறகடுப்பு, யார் ஆடு உள்வாய்ல மேயுது, யார் பட்டா நிலத்தைத் தரிசாப் போட்டு மூணு நாலு வருசத்துக்கு ஒரு தடவை வெட்டுக்கு விடுறாங்க, மீன்பாசி குத்தகை (கண்மாய்ல மீன் பிடிக்கிற குத்தகை) யார் கைல, இதெல்லாம் எழுதணும். ஆயக்கட்டுல (கண்மாய்த் தண்ணி பாயுற வயல்ல) நிலம் இருக்குறவங்க மட்டும் கூடி முடிவெடுத்தா அது பாதி ஊரு முடிவுதான், ஏன்னா மூட்டத்துல வேலை பாக்குறவங்கள்ல நிறையப் பேருக்கு ஆயக்கட்டுல ஒரு குழி நிலம் கூட இருக்காது, கண்மாய் நிறைஞ்சா அவங்களுக்கு நேரடி லாபம்னு ஒண்ணும் கிடையாது.

பொம்பளைங்ககிட்ட தனியா கேளுங்க, கூட்டத்துல கேட்டா பேச மாட்டாங்க. விறகு விஷயம் அவங்களுக்குத்தான் தெரியும், சிலிண்டர் வாங்குன வீட்டுலயும் சுடுதண்ணிக்கும் நெல்லு அவிக்கவும் விறகுதான். அதோட இன்னொரு விஷயம், இன்னும் பல ஊர்ல வெளிக்குப் போக மறைவு அந்தக் கருவைதான். அதை ஒரே நாள்ல மொட்டை அடிச்சா என்ன ஆகும்னு ஆம்பளைங்க கூட்டத்துல ஒருத்தருக்கும் தோணாது. கழிப்பறை இருக்கா, அதுல தண்ணி வருதான்னு பாத்துட்டு அப்புறம் அந்தப் பக்கம் கை வைங்க.

பயிர்ச்சேதக் கதையையும் எழுதிக்கோங்க. காட்டுப்பன்னி பகல்ல அந்தப் புதருக்குள்ளதான் படுத்திருக்கும், ராத்திரி வயல்ல இறங்கும். கருவை நிக்கிற கண்மாய்க்குப் பக்கத்து வயல்காரர்கிட்ட கேட்டா கண்ணுல தண்ணி வராத குறையாச் சொல்வாரு. இவங்கதான் உங்க பக்கம் முதல்ல நிக்கிற ஆளு.

மூட்டம் போடுறவங்களைப் புரிஞ்சுக்காம தூர் (வெட்டுன மரத்தோட அடிக்கட்டை) எடுக்க முடியாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடாதீங்க, இதுதான் முக்கியம்.

மூட்டம்னா என்னன்னு பாக்காதவங்களுக்குச் சொல்றேன். வெட்டுன மரத்தைக் கொஞ்ச நாள் காயப்போட்டு, தடி கட்டையை நடுவுலயும் சின்னதை வெளிலயுமா நெருக்கி அடுக்குவாங்க. மேல சருகு, வைக்கோல், ஓலைன்னு கிடைச்சதைப் போட்டு மூடி, அதுக்கு மேல மண்ணை அப்பிப் பூசுவாங்க. நெருப்பு வச்சதும் முதல்ல வெள்ளைப் புகை தள்ளும், அது ஈரம் போறது. அப்புறம் நாள் போகப் போகப் புகை மெலிஞ்சு நீலமா வந்துச்சுன்னா உள்ள கரியாயிருச்சுன்னு அர்த்தம், ஓட்டையை எல்லாம் அடைச்சு ஆறப்போடுவாங்க. மூட்டத்தோட அளவைப் பொறுத்து வாரக்கணக்குல ஆகும், அது வரைக்கும் ராப்பகலாக் காவல். எங்கயாவது மண்ணு உள்வாங்கிக் காத்து புகுந்துச்சுன்னா உடனே அள்ளி அப்பணும், விட்டா அம்புட்டும் சாம்பல். நாலஞ்சு கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி கெடச்சாலே நல்ல மூட்டம்னு சொல்லலாம். புகைக்குள்ளயே நின்னு பாக்குற வேலை, முள்ளு குத்தாத கையைப் பாக்கவே முடியாது, இதுல கரி வியாபாரிகிட்ட வாங்குன முன்பணம் வேற கழுத்துல நிக்கும்.

இப்ப யோசிங்க. அவங்க மரத்தை வெட்டும்போது தரைக்கு மேல ஒரு சாண் விட்டுத்தான் வெட்டுவாங்க. அந்தத் தூர்ல இருந்து நாலஞ்சு கொப்பு வெடிச்சு வரும், மூணு வருசத்துல திரும்ப வெட்டலாம். தூர் அவங்களுக்கு பேங்க்ல போட்ட பணம் மாதிரி. "தூரையும் தோண்டிட்டா அடுத்த வெட்டுக்கு எங்க தம்பி போறது"ன்னு கேட்டா உங்ககிட்ட பதில் இருக்கணும். கரித் தொழில் இருக்குற வரைக்கும் கருவை வெட்டுப்படும், ஆனா ஒழியாது. வெட்டுறவங்க மேல தப்பு சொல்லிப் பிரயோஜனம் இல்ல, வெட்டுற விறகுக்கு மட்டும்தான் காசு வருது, தூர் தோண்ட யாரும் கூலி தர்றதில்ல.

அதனால ஒப்பந்தத்தை ரெண்டாப் பிரிங்க. மேல இருக்குற விறகு மூட்டக்காரங்களுக்கு, அதுக்கு ஊருக்கு வர்ற ஏலத்தொகையைக் குறைச்சே வைங்க. தூர் தோண்டுறதுக்குத் தனிக் கூலி, எண்ணிக்கைக்கு இவ்வளவுன்னு பேசி, தோண்டிப் போட்ட தூரை எண்ணிப் பாத்துக் குடுங்க. தோண்டுன தூர்க்கட்டையும் அவங்களுக்கே, நல்ல கனமான கட்டை, பிளக்குறது சிரமமே தவிர மூட்டத்துல போட்டா கரியாயிரும். ஏலத்துல அதிகப் பணம் வரட்டும்னு வெளியூர் ஆளுக்கு விட்டீங்கன்னா அவர் விறகை ஏத்திட்டுப் போயிருவாரு, தூர் உங்க தலைல.

தூர்ல எவ்வளவு ஆழம் போகணும்? ஒரு அடி போதும். மொட்டு வெடிக்கிற பகுதி மேல்பக்கம்தான் இருக்கு, அதை முழுசா எடுத்துட்டா கீழ நிக்கிற ஆணிவேர்ல இருந்து பெருசா வராது. ஜேசிபி ஓட்டுறவர் சும்மா பக்கெட்டால முறிச்சுத் தள்ளிட்டுப் போனா அது வெட்டுனதுக்குத்தான் சமம், அவரை மணிக்கணக்குக்கு விட்டுட்டு நீங்க டீ குடிக்கப் போயிராதீங்க. தடிமரத்துக்கு ஜேசிபி, கைத்தடி அளவுக்குக் கீழ இருக்குறதுக்கு கடப்பாறையும் ஆளும், அப்படிப் பிரிச்சா செலவும் குறையும், ஊருக்குள்ள கூலியும் புழங்கும். தூருக்கு மருந்து அடிக்கச் சொல்றவங்களும் இருக்காங்க, ஆடு மாடு குடிக்கிற தண்ணி நிக்கிற இடம், எனக்கு அதுல இஷ்டம் இல்ல.

எங்க எடுக்கணும், எங்க விடணும்

எல்லாத்தையும் ஒரே வீச்சுல எடுக்கணும்னு நிக்காதீங்க. முதல்ல வரத்துக்கால், அடுத்து மடை முன்பக்கமும் கலுங்கும் (மிச்சத் தண்ணி வெளியேறுற இடம்), அதுக்கப்புறம் உள்வாய். வரத்துக்கால் அடைஞ்சு கிடக்கும்போது உள்வாயைச் சுத்தம் பண்ணுறதுல அர்த்தமே இல்ல, வருசத்துக்கு 800 மில்லிமீட்டர் சுமாரா, அதுலயும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகைல கொட்டுற ஊரு நம்மது, அந்த ஒரு மாசம் ஒன்றரை மாசத் தண்ணி உள்ள வந்தாத்தான் உண்டு. ராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைன்னு சொல்வாங்களே, அவ்வளவு பெரிய கண்மாயா இருந்தாலும் சரி, ஊருக்குப் பின்னாடி இருக்குற சின்ன ஊருணியா இருந்தாலும் சரி, வரத்து இல்லன்னா வெறும் பொட்டல்தான்.

கரை மேல நிக்கிற மரத்துல ரொம்பக் கவனம். அந்த வேர் கரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. தூரைப் பிடுங்குனா அடுப்பு அளவுக்குக் குழி விழும், அதை களிமண்ணு போட்டு அடுக்கடுக்கா இடிச்சு நிரப்பலைன்னா கார்த்திகை மழைல அந்த இடத்துலதான் கசிவு ஆரம்பிச்சு உடைப்பு எடுக்கும். கரைல வேலை செய்றதா இருந்தா ஆனிக்குள்ள முடிச்சிருங்க, ஆவணி புரட்டாசில கரைல கை வைக்கவே வேண்டாம்.

பறவை கூடு கட்டுற கண்மாயா இருந்தா முதல்ல வனத்துறைகிட்ட பேசணும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டைன்னு ராமநாதபுரம் மாவட்டத்துல சரணாலயக் கண்மாயே பல இருக்கு, அங்க ஊர்க்காரங்க தன்னிஷ்டத்துக்கு ஒரு கொப்பை ஒடிக்க முடியாது. சரணாலயம் இல்லாத கண்மாய்லயும் நாரை, கொக்கு நாட்டுக்கருவேலத்துலயும் சீமைக்கருவைலயும் கூடு வைக்குது, அதுக்கு வித்தியாசம் தெரியாது. கூடு இருக்குற மரத்துக் கூட்டத்தை அப்படியே விட்டு, பக்கத்துல நாட்டுக்கருவேலம் வளந்து ஆளானதுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம்னு நம்ம பெரியவங்களுக்கே தெரியும்.

ஊருக்கு வெளிய, ரோட்டோரம், உவர் நிலத்துல நிக்கிற கருவையை இப்போதைக்கு விறகுக்குன்னு விட்டு வைங்க. மூட்டக்காரங்களுக்கு கண்மாய்க்குப் பதிலா வெட்ட ஒரு இடம் வேணும், அதை நீங்களே காட்டி விட்டீங்கன்னா சண்டை பாதி குறையும். சுத்தமா ஒழிக்கணும்கிறவங்களுக்கு இது பிடிக்காதுன்னு தெரியும்.

அனுமதி

சுருக்கமாச் சொல்றேன். ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை கண்மாய், கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். யார் கண்மாயோ அவங்ககிட்டதான் மரத்துக்கு ஏல அனுமதி. 2017ல ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவுன்னு எல்லாரும் வெட்ட இறங்குனாங்க, அதே வருசம் சென்னைல இன்னொரு வழக்குல இடைக்காலத் தடை வந்து பாதில நின்னுச்சு, அதனால கோர்ட்டே சொல்லிருச்சுன்னு வாயால பேசிட்டு மரத்துல கை வைக்காதீங்க. 2022ல தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்குன்னு தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கு, மனு எழுதும்போது அதைக் குறிப்பிடலாம். மார்ச் 22 கிராம சபைல தீர்மானம் போட்டாத்தான் கோடைக்குள்ள வேலை நடக்கும், மே 1க்கு விட்டீங்கன்னா பேப்பர் நகர்றதுக்குள்ள மழை வந்துரும்.

காயும் ஆடும்

சித்திரை வைகாசில கருவைக் காய் மஞ்சளாப் பழுத்துக் கொட்டும். இனிப்பா இருக்குறதால ஆடு மாடு தேடிப் போய்த் திங்கும், சதை செரிச்சிரும், விதை அப்படியே புழுக்கையோட வெளிய வரும், அதுவும் முளைக்கத் தயாரா. கீதாரிங்க (ஆட்டு மந்தை மேய்க்கிறவங்க) ராத்திரி வயல்ல கிடை போட்டா (மந்தையை அடைச்சு வச்சா) உரத்தோட விதையும் சேந்து இறங்குறது இப்படித்தான். அதுக்காகக் கிடையே வேண்டாம்னு சொல்லிட முடியாது, நம்ம மண்ணுக்கு அதை விட்டா வேற நல்ல உரம் ஏது, அவங்களுக்கும் அதுதானே பொழப்பு. காய் கொட்டுற மாசத்துல மட்டும் சுத்தம் பண்ணுன உள்வாய்ல கிடை போடாதீங்கன்னு கீதாரிகிட்ட பேசுங்க, அதுக்குப் பதிலா அறுவடை முடிஞ்ச தாள்ல மேய்க்க ஊரே இடம் ஒதுக்கிக் குடுக்கட்டும். கென்யால பாரிங்கோன்னு ஒரு பகுதில இதே மரத்தோட காயைத் தின்னு பல்லு போன ஆட்டை கோர்ட்டுக்கே கூட்டிட்டுப் போய் நிறுத்துனாங்க, அங்கயும் அரசாங்கமும் ஐநா அமைப்பும் சேந்து நல்லதுன்னு நட்டு வச்ச மரம்தான்.

காயைப் பொறுக்குறது நல்ல வேலை. நல்லாக் காயவச்சு, ஒடிச்சா டக்குனு ஒடியணும், அந்தப் பதத்துல மிஷின்ல குடுத்து அரைச்சா விதையும் உடைஞ்சிரும். ஈரம் இருந்தா மிஷின்ல பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு மிஷின்காரர் நம்மள திட்டுவாரு. இந்த மாவைத் தவிடு, பிண்ணாக்கோட கலந்து மாட்டுக்கு வைக்கலாம், மொத்தத் தீவனத்துல அஞ்சுல ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சுய உதவிக் குழு கைல இந்த வேலையைக் குடுத்தா கோடைல ஒரு வருமானம், அடுத்த வருச முளைப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

வண்டல்

கருவையை எடுத்த உள்வாய்ல கீழ வண்டல் இருக்கும், பட்டா நிலத்துக்கு அதை இலவசமா எடுத்துக்கலாம், 2024ல இருந்து தாசில்தார் மட்டத்துலயே அனுமதி வாங்குற மாதிரி சுலபமாக்கியிருக்காங்க. ஆனா நம்ம பக்கம் உவர் ஜாஸ்தி, எடுக்குறதுக்கு முன்னாடி கண்மாய் மண்ணையும் உங்க வயல் மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்துல குடுத்துப் பாத்துக்கோங்க, முண்டு மிளகாய் போடுறவங்க கட்டாயம் பாக்கணும். தோண்டும்போது கரையை ஒட்டித் தோண்டாதீங்க. மடையோட அடிமட்டத்துக்குக் கீழ போனா அந்தத் தண்ணி வயலுக்கு வராது. களிமண்ணைத் தாண்டி மணல் தெரிஞ்சா அங்கயே நிறுத்திடணும், இல்லன்னா கண்மாய் ஓட்டைப்பானைதான். வண்டல்னு சொல்லிட்டு செங்கல் சூளைக்கும் பிளாட்டுக்கும் லாரி போகுதான்னு பாத்துக்க ஊர்ல ரெண்டு பேர் கண்டிப்பா இருக்கணும், தூர்வாருற வேலை கெட்டுப்போற இடமே இதுதான்.

மரத்துக்குப் பதிலா என்ன வரும்

இதை நேர்மையாச் சொல்லிரணும், கருவை குடுத்த வாரக்கூலிக்கு ஈடா எதுவும் உடனே வராது. மீன்தான் சீக்கிரம் வர்றது. முள்ளும் தூரும் கிடக்குற கண்மாய்ல வலை போட்டா கிழிஞ்சு நாராயிரும், அதனாலயே குத்தகைக்காரர் விலையைக் குறைச்சுக் கேப்பாரு. தூர் எடுத்துச் சுத்தமா இருந்தா தண்ணி நிக்கிற அஞ்சாறு மாசத்துக்கு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டு நல்ல விலைக்குக் குத்தகை விடலாம். மூட்டத்துல இருந்தவங்க குழுவா வந்து கேட்டா குத்தகையை அவங்களுக்கே குடுக்கப் பாருங்க, ஏலப்போட்டில அவங்களால நிக்க முடியாது.

புல்லு அடுத்து. கருவை நிழல் போனதும் அருகும் கோரையும் அந்த வருசமே தலை காட்டும், ஆடு வச்சிருக்கவங்க சந்தோசப்படுவாங்க. உள்வாய் ஓரத்துல நாட்டுக்கருவேலம் நடலாம், தண்ணில நின்னாலும் சாகாது, நெத்து ஆட்டுக்கு, கட்டை பின்னால ஏலத்துக்கு. கரையோட வெளிச்சரிவுல பனை விதை ஊனுங்க, ஆனா இன்னைக்கு ஊனுன பனைல பதநீர் இறக்க உங்க பிள்ளைங்க காலம் வந்துரும், அதைக் காட்டி இந்த வருச வருமானம்னு யாரையும் ஏமாத்தாதீங்க. கரை பலப்படுத்துறது, குழி இடிச்சு நிரப்புறது, கன்னுக்குத் தண்ணி ஊத்துறது எல்லாத்தையும் அரசாங்கத்தோட ஊரக வேலைத் திட்டத்துல சேக்க முடியுமான்னு பாருங்க, அதுல முதல் பேரு மூட்டக்காரங்க பேரா இருக்கணும். வியாபாரிகிட்ட இருக்குற முன்பணக் கடன்தான் அவங்களைத் திரும்பக் கருவைக்கே இழுக்கும், சங்கத்துலயோ குழு மூலமாவோ அதை அடைக்க ஒரு வழி பண்ணலைன்னா நீங்க போட்ட ஒப்பந்தம் எல்லாம் காகிதத்தோட நின்னுரும்.

அடுத்த மூணு வருசம்

ஜேசிபி போன அன்னைக்கு வேலை முடிஞ்சதா நினைக்கிறவங்க இந்த வேலையே செய்ய வேண்டாம். மண்ணுக்குள்ள விதை வருசக்கணக்காக் கிடக்கும், முதல் மழைக்குப் பச்சைக் கம்பளம் மாதிரி முளைக்கும். சுண்டுவிரல் உயரத்துல மண்ணு ஈரமா இருக்கும்போது பிடுங்குனா வேரோட வந்துரும், பொம்பளைங்க களை எடுக்குற வேகத்துல ஒரு நாளைக்கு நிறைய இடம் முடிக்கலாம். தை மாசம் தண்ணி வத்துனதும் வெளிய தெரியுற ஓரத்துல ஒரு தடவை, கண்மாய் காஞ்சதும் நடுவுல ஒரு தடவை. இடுப்பு உயரம் வளர விட்டுட்டீங்கன்னா திரும்பக் கடப்பாறை, திரும்பச் செலவு. ஏரியாவைப் பாகம் பாகமாப் பிரிச்சு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாகம்னு குடுங்க, பிடுங்குற நாளைக்குக் கூலி குடுக்காம, பங்குனில போய்ப் பாத்து கருவைக் கன்னு இல்லாத பாகத்துக்குக் கூலி குடுங்க.

அந்தக் கூலிக்குப் பணம் மீன் குத்தகைல இருந்துதான் வரணும். குத்தகைப் பணம் கைக்கு வந்த அன்னைக்கே மூணுல ஒரு பங்கை எடுத்து கண்மாய் பேர்ல தனிக் கணக்குல போட்டிருங்க, கையெழுத்துப் போடுற ரெண்டு பேர்ல ஒருத்தர் மூட்டக்காரங்க வீட்டு ஆளா இருக்கட்டும். ஊர்ப் பொதுக்கணக்குல கலக்க விட்டுட்டா ஆடி மாசக் கோயில் கொடைக்கு மைக் செட்டும் சீரியல் செட்டுமாப் போயிரும், அப்புறம் தை மாசம் கன்னு பிடுங்க ஆள் கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்க.